பால் காய்ச்சிய வருடம்

தஞ்சாவூர்
18 ஜூன் 2023

அன்புள்ள ராஜாத்தி அக்காவுக்கு,

குந்தவை எழுதுகிறேன். பதினாறு நாளாக உங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. ஈஸ்வரியிடம் கேட்டேன். "உங்க பேரை எடுத்தாலே அக்கா எந்திரிச்சுப் போயிடுது டீச்சர்" என்றாள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

நேற்று அகழிக்கரைத் தெருவுக்குப் போனேன். தெரு என்று இனிமேல் சொல்லக் கூடாது. நாற்பத்திரண்டு வீட்டுச் செங்கல்லையும் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காரைத் துண்டில் மயிலின் கழுத்து மட்டும் கிடந்தது. ஈஸ்வரி வீட்டுச் சுவரில் நான் வரைந்த மயில். பிரிட்ஜ் படம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, அதற்குள் ஐந்து தக்காளியும் வைக்கச் சொன்னாரே ரெத்தினம் அண்ணன், அந்தச் சுவர் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் நான் ஏணி போட்டு நின்ற இடம்.

பெயின்ட் கொடுத்த மாநகராட்சிக்காரர்கள் வீணையும் தலையாட்டிப் பொம்மையும் வரையச் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. அந்தந்த வீட்டார் கேட்டதைத்தான் வரைவேன் என்றேன். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் அந்த வீட்டில் முதன்முதலில் பால் காய்ச்சிய வருடத்தை எழுதினேன். அதை வீட்டுப் பெண்ணிடம் மட்டும்தான் கேட்பேன். ஆண்களைக் கேட்டால் பெட்டியைத் திறந்து காகிதம் தேடுவார்கள், பெண்களுக்கு அது மனதில் இருக்கும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று அளக்க வந்தவர்கள் அந்த வருடங்களைத்தான் போட்டோ எடுத்தார்கள். எண்பத்தைந்துக்கு முன்னால் வந்த குடும்பத்துக்கு ஊருக்குள்ளேயே மனை, பின்னால் வந்தவர்களுக்குப் பூதலூர் ரோட்டில் அடுக்குமாடி. உங்கள் வாசலில் 1993 என்று இருந்தது. உங்கள் மாமனார், சிங்காரவேலு அண்ணனின் அப்பா, குடவாசலிலிருந்து வந்து குடிசை போட்டது 1981. அந்த எண் அங்கே இருந்திருந்தால் இன்று ஈஸ்வரிக்குப் பக்கத்து மனை உங்களுடையது.

தப்பு என்னுடையது அக்கா. படம் வரைந்தால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மேல்மனு போட செப்டம்பர் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. அந்த வருடத்தை நான் தவறாக எழுதினேன் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரு வார்த்தை பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

குந்தவை


பூதலூர் ரோடு குடியிருப்பு
2 ஜூலை 2023

குந்தவை டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சதீஷ் அப்பாதான் வாங்கினார். நின்றுகொண்டே படித்தார். மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "அந்தம்மா செஞ்ச வேலைக்கு இப்ப கடுதாசி ஒரு கேடா" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானே எப்போதாவதுதான் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்திருப்பது மூன்றாவது மாடி. மொத்தம் ஐம்பத்திரண்டு படி. அவருக்கு முப்பதாவது படியிலேயே மூச்சு இரைக்கிறது, அங்கே உட்கார்ந்துவிடுகிறார். வாழைக்காய் மண்டிக்கு நடந்து போனவர் இப்போது முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழுந்து ஓடுகிறார். நான் வாசலில் அடுப்பைப் போட்டு இட்லி விற்றுப் பிழைத்தவள். மூன்றாவது மாடியில் எந்த வாசலில் அடுப்பு போடுவது? யார் ஏறி வந்து நாலு இட்லி வாங்குவார்கள்? இட்லிக் குண்டானைக் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

எங்கள் தலையில் கல்லைப் போட்டது நாலே நாலு எண். நீங்கள் ஏணியில் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிழல் எல்லாம் கொடுத்து எழுதிய எண். சுவரை யார் வரையச் சொன்னது? நாங்கள் கேட்டோமா? சுவர் அழுக்காக இருந்த காலத்தில் எங்களுக்கு வீடு இருந்தது.

சதீஷ் திருப்பூரிலிருந்து போனில் சொல்கிறான், அந்தம்மா பெயரை இனிமேல் வீட்டில் எடுக்காதே என்று. நானும் எடுக்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். வரவும் வேண்டாம்.

ராஜாத்தி


தஞ்சாவூர்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். மனு என்று ஒன்று இல்லாவிட்டால் உங்கள் பேச்சைக் கேட்டிருப்பேன்.

ஒரு மாதமாகக் காகிதம் தேடி அலைகிறேன். ரேஷன் கார்டில் 1996 என்று இருக்கிறது. கரண்ட் இணைப்பு 1994. மாமனார் வைத்திருந்த தகரப்பெட்டி ஒரு மழையில் தண்ணீரில் ஊறிப் போய்விட்டது என்று நீங்களே முன்பு சொல்லியிருக்கிறீர்கள். அண்ணன் இங்கே வந்த பிறகு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாராமே, அந்தப் பள்ளியின் பழைய பதிவேட்டில் அகழிக்கரை விலாசம் இருக்கும் என்று போனேன். எண்பத்தாறுக்கு முந்தைய பதிவேடுகளைக் கரையான் அரித்து, போன தலைமையாசிரியர் காலத்திலேயே குப்பையில் போட்டுவிட்டார்களாம். அங்கேயே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆகவே நமக்கு மிஞ்சியிருப்பது என் வாக்குமூலம் ஒன்றுதான். இத்துடன் வைத்திருக்கிறேன். "வீட்டாரைச் சரியாக விசாரிக்காமல் 1981க்குப் பதிலாக 1993 என்று எழுதியது என்னுடைய கவனக்குறைவு" என்பதுதான் அதன் சாரம். கீழே அண்ணனும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்தை நான் வீட்டுப் பெண்ணிடம்தான் கேட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு பத்திரிகைக்காரரிடம் நானே வாய் கொழுத்துச் சொல்லி, அதுவும் இப்போது அவர்கள் பைலில் இருக்கிறது. அதனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் இது செல்லாது.

உங்கள் தெரு இருந்த இடத்தைச் சுற்றி மதில் கட்டியிருக்கிறார்கள். பூங்கா வரப் போகிறதாம். அந்த மதிலில் படம் வரைய என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். மூன்று மாதமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

குந்தவை


பூதலூர் ரோடு குடியிருப்பு
17 செப்டம்பர் 2023

டீச்சருக்கு,

பேப்பரைத் திருப்பி அனுப்புகிறேன். அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் போடவில்லை. போட மாட்டேன். காரணம் கேட்காதீர்கள்.

ஒரு மாதம் அதை வீட்டில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "இஷ்டம் இருந்தா போடு" என்று பேனாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். மறுபடி கீழே வைத்துவிட்டேன்.

அவருக்கு உடம்பு சரியில்லை. ஒரு வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயம் வீங்கியிருக்கிறது, மூட்டை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்றார்கள். படி ஏறாமல் எப்படி வீட்டுக்கு வருவது என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார். இப்போது இறங்கினால் ஏற முடியாது என்று மேலேயே இருக்கிறார். ஜன்னலில் உட்கார்ந்து வயலைப் பார்க்கிறார். சுற்றிலும் சம்பா நாற்று நன்றாக வந்திருக்கிறது. நான் நடவுக்குப் போகிறேன். முப்பது வருடம் கழித்து மறுபடி சேற்றில் இறங்கினேன். இந்த ஊர்ப் பெண்கள், "டவுனு அக்காவுக்கு நாத்து முடி பிரிக்கத் தெரியுதே" என்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன், அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. எங்கள் வீடு இருந்த இடத்து மதிலில் வீணையும் பொம்மையும் வரைந்திருக்கிறது என்று நேற்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நீங்கள் மாட்டேன் என்று சொன்னதாக எழுதியது ஆகஸ்டில். செப்டம்பரில் மனசு மாறிவிட்டதா? உங்களுக்கும் வயிறு இருக்கிறது, பிழைக்க வேண்டியதுதான். எங்களிடம் மட்டும் வேறு மாதிரி எழுத வேண்டாம்.

ராஜாத்தி


தஞ்சாவூர்
15 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

மதிலில் வரைந்தது நான் இல்லை. திருச்சியிலிருந்து யாரோ வந்து வரைந்திருக்கிறார்கள். பொம்மை நன்றாகத்தான் இருக்கிறது. நான் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் அடுப்படி இருந்த இடத்துக்கு நேராக அது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. நான் வரைந்தேன் என்று நீங்கள் நம்பியது அதைவிட எரிந்தது.

இப்படி எழுதிவிட்டேனே என்று கஷ்டமாகவும் இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன்; இருந்தாலும் இருக்கட்டும்.

அண்ணன் கையெழுத்தை மட்டும் வைத்து மனுவைக் கொடுத்துவிட்டேன். நவம்பர் 20 அன்று விசாரணை. ஆனால் எழுத்தர் சொல்லிவிட்டார்: "வருசத்தைச் சொன்ன பொம்பள யாரோ அவங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்மா. இல்லேன்னா நிக்காது." அவ்வளவுதான் அக்கா. கையெழுத்துகூட வேண்டாம். வந்து நின்று, தப்பாக எழுதியது டீச்சர்தான் என்று அதிகாரியிடம் சொன்னால் போதும். ஐந்து நிமிடம். அண்ணனுக்குத் தரையோடு ஒரு வீடு கிடைக்கும். படி இல்லாத வீடு.

என்னைப் பார்க்கப் பிடிக்காது என்றால் நான் வெளியில் மரத்தடியில் நின்றுகொள்கிறேன்.

குந்தவை


பூதலூர் ரோடு குடியிருப்பு
4 டிசம்பர் 2023

டீச்சருக்கு,

அவர் போன தேதி உங்களுக்குத் தெரியும். நவம்பர் 14. மாத்திரை வாங்க இறங்கிப் போனார். நான் நடவு முடிந்து களை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது முப்பதாவது படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக உட்காரும் இடம்தான். கீழ்வீட்டுப் பிள்ளைகள் அவரைத் தாண்டித் தாண்டி ஏறி இறங்கியிருக்கிறார்கள். தாத்தா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். நான் போய்த்தான் தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் மாலையோடு வந்ததும் சதீஷ் உங்களைப் படியிலேயே மறித்ததும் எனக்குத் தெரியும். அவன் கத்தியது மேலே கேட்டது. "எங்கப்பாவை நீங்கதான் கொன்னீங்க" என்றான். நான் எழுந்து வந்து அவன் வாயை மூடியிருக்க வேண்டும். வரவில்லை.

விசாரணைக்கு நான் போகவில்லை. பதினாறாம் நாள் காரியம்கூட ஆகாத வீடு. படி இல்லாத வீடு இனி யாருக்கு?

ராஜாத்தி


தஞ்சாவூர்
21 ஜனவரி 2024

அக்காவுக்கு,

பொங்கலுக்கு எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். துக்க வீட்டுக்கு என்ன எழுதுவது?

சதீஷ் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உங்கள் குடியிருப்பு வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் என்னை எத்தனை நாள் தன் கையால் ஏணி பிடித்துக் காப்பாற்றியிருக்கிறார். கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மனு இன்னும் உயிரோடு இருக்கிறது. இறப்பைச் சொல்லித் தேதி வாங்கியிருக்கிறேன். பிப்ரவரி 19. மனுதாரர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. இனி யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத்தான் அக்கா. உங்களுக்கு ஐம்பது வயது. இன்னும் நாலு தெருவுக்கு இட்லி போடுகிற கை அது.

வாருங்கள். ஒரே ஒரு வார்த்தை. தப்பு டீச்சருடையது.

குந்தவை


பூதலூர் ரோடு குடியிருப்பு
25 பிப்ரவரி 2024

குந்தவைக்கு,

பத்தொன்பதாம் தேதி போனேன். நீ சொன்ன மாதிரியே மரத்தடியில் நின்றிருந்தாய். இளைத்துப் போயிருந்தாய். பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனேன். உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "வருசத்தை இந்த டீச்சரம்மாவே தப்பா எழுதிட்டாங்க, அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது.

"இல்லைங்கய்யா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அன்றைக்கு நீ சுண்ணாம்புக் கையோடு வாசலில் நின்று கேட்டாய்: "அக்கா, இந்த வீட்டுல பால் காய்ச்சுனது எந்த வருசம்?" என்னை அதுவரை யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. ரேஷன் கார்டுக்கு வந்தவர், ஓட்டு லிஸ்ட்டுக்கு வந்தவர், எல்லோரும் வாசலில் நின்று, "ஆம்பளை இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். நான் தொண்ணூற்று மூன்று என்றேன். மாமனார் வந்தது எண்பத்தொன்று என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அது குடிசை. நான் தொண்ணூற்று மூன்று தையில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. என் அப்பா போட்ட தோட்டைக் கழற்றி விற்றுத்தான் மண்சுவரை இடித்துச் செங்கல் வைத்தோம், ஓடு போட்டோம். ஆவணியில் நான்தான் புது அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினேன். அந்தத் தோடு இன்று வரை என் காதுக்குத் திரும்பவில்லை. அது என் வருடம். ஒரே ஒரு தடவை என் வருடம் சுவரில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

சாயங்காலம் மண்டியிலிருந்து வந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன இது, தொண்ணூத்தி மூணுன்னு இருக்கு?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "டீச்சர் தப்பா எழுதிட்டாங்க, விடுங்க" என்றேன். "போவுது, எழுத்து அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த ஒரு பொய்தான். அது வளர்ந்து வீட்டைத் தின்றது. அளக்க வந்தவர்கள் போட்டோ எடுத்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். லிஸ்ட் ஒட்டிய அன்று சொல்லியிருக்கலாம். தெருவே உன்னைத் திட்டியது. அவரும் திட்டினார். சதீஷ் திட்டினான். எல்லோரையும்விட அதிகமாக நான் திட்டினேன். உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், நான்தான் சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டேதான் எழுதினேன்.

மனு தள்ளுபடி. எண்பத்தொன்றுக்குக் காகிதம் இல்லை, நீ எழுதிக் கொடுத்ததும் நான் சொன்னதும் ஒத்துப் போகவில்லை என்றார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு உன் மேல் நடவடிக்கை வருமா என்று எழுத்தரிடம் கேட்டேன். இனி அரசாங்கச் சுவர் எதையும் உனக்குத் தர மாட்டார்கள் என்றார். ஒரு தடவை பொய் சொல்லி வீட்டைக் கெடுத்தேன். இன்னொரு தடவை உண்மை சொல்லி உன்னையும் கெடுத்துவிட்டேன்.

வீடு போனது போகட்டும். அவர் என்னை நம்பிக்கொண்டே செத்துப் போனார். ஒரு பாவமும் அறியாத உன்னைக் கடைசி நாள் வரைக்கும் திட்டிக்கொண்டே போனார். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீ மறக்கவில்லை, மரத்தடியில் உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டாய்?

ராஜாத்தி


தஞ்சாவூர்
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரசாங்கச் சுவர் இல்லாவிட்டால் வேறு சுவர். சனிக்கிழமை வகுப்பை மறுபடி தொடங்கிவிட்டேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தது; பொம்மை நான் வரைந்தேன் என்று எழுதினீர்களே, அப்போது இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அதை மீறுகிறேன். சரியா தப்பா என்று நான்கு நாளாக யோசித்தேன். இனி அதைக் காப்பாற்றினால் அவருக்கே துரோகம் என்று தோன்றுகிறது.

போன வருடம் ஏப்ரலில் லிஸ்ட் ஒட்டிய மறுநாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீங்க அன்னிக்குக் கேட்டப்ப நான் உள்ளதான் படுத்திருந்தேன் டீச்சர். காய்ச்சல்னு மண்டிக்கு அரை நாள் கழிச்சுத்தான் போனேன். நான் தூங்குறேன்னு அவ நெனச்சுட்டா, ஆனா அவ சொன்னது காதுல விழுந்துச்சு. கல்யாணமாயி அதுவரைக்கும் இருவத்தெட்டு வருசத்துல அவ குரலை நான் அப்படிக் கேட்டதே இல்ல. தோட்டை வித்தது எனக்கு மறந்தா போவும்? ஒரு தோடு வாங்கிக் குடுக்க வக்கில்லாம போயிட்டேன். அவ வருசமே இருக்கட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் சும்மா கேட்டுப் பாத்தேன், நீங்க தப்பா எழுதிட்டதா சொன்னா. நானும் சரின்னுட்டேன்.

இப்ப இப்படி ஆயிப்போச்சு. தன்னாலதான் வீடு போச்சுன்னு அவளுக்கு ஆயிட்டா அவ உசுரை வச்சுக்க மாட்டா டீச்சர். நீங்களே தப்பா எழுதினதா இருந்துட்டுப் போவட்டும். நானும் உங்களைத் தப்பாத்தான் பேசுவேன். மனசுல வச்சுக்காதீங்க."

எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார் அக்கா. என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்று சொன்னேன்.

உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் அவர் கேட்டபடி எழுதியது. ஆகஸ்டில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். "நேத்துகூட உங்களைக் கண்டபடி திட்டுனேன். அவ அடுப்படியில கேட்டுக்கிட்டு இருந்தா" என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அவர் உங்களை நம்பி ஏமாந்து சாகவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். என்னைத் திட்டியதெல்லாம் நீங்கள் கேட்பதற்காகத் திட்டியது.

குந்தவை


பூதலூர் ரோடு குடியிருப்பு
9 மார்ச் 2024

தங்கச்சி குந்தவைக்கு,

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. டீ கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். சர்க்கரை போட்டா கொடுத்தாய்? அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று நான் நிறுத்தி வைத்திருந்தேன். போட்டுக் கொடுத்திருந்தால் நல்லது.

சதீஷிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனில் முழுதும் கேட்டான். பிறகு, "அந்த அத்தைகிட்ட நான் என்னம்மா சொல்றது?" என்று கேட்டான். நீ வரும்போது அவனே சொல்வான். இனி உன்னைப் படியில் யாரும் மறிக்க மாட்டார்கள்.

அவர் போய் நாலு மாதம் ஆகப் போகிறது. நான் இன்னும் அழவில்லை. இந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அது தெரியும்; ராஜாத்தி கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். கொன்றவளுக்கு அழ என்ன உரிமை என்று வாயை இறுக்கி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. அவர் சொன்னதைக் கடிதத்தில் எழுதினாய், போதவில்லை. என் எதிரில் உட்கார்ந்து அவர் பேசின மாதிரியே ஒரு தடவை சொல். நான் அழ வேண்டும்.

ராஜாத்தி அக்கா